காலங்கடந்த விண்டோஸும் கணினி விளையாட்டும்

கணினியில் விளையாடுவோரிடையே சில வருஷங்களுக்கு ஒருமுறை தவறாமல் மூளுகின்ற வழக்கு ஒன்று உண்டு: தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்ட பழைய இயங்குதளத்தை விடாமல் வைத்துக்கொண்டு விளையாடுவது விவேகமா, அவிவேகமா என்பது. விண்டோஸ் 98-ஐ விட்டு எக்ஸ்பிக்கு வரமாட்டோம் என்று ஒரு காலத்தில் பிடிவாதம் செய்தவர்கள், எக்ஸ்பியை விட்டு விஸ்டாவுக்கு வரமாட்டோம் என்று பிற்பாடு பிடிவாதம் செய்தார்கள். விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு வருவதற்கு முணுமுணுத்தவர்கள் இப்பொழுது 10-லிருந்து 11-க்குப் போவதற்கு முணுமுணுக்கிறார்கள். புதுமையைக் கண்டு அஞ்சுவது மனித சுபாவம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் புதிய கிராபிக்ஸ் கார்டு வெளிவந்த தினத்திலேயே அதை வாங்கிவிடத் துடிக்கிறவர்களும் இதே ஜனங்கள்தாம் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, வேறு எந்தப் புதுமையையும் வரவேற்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பின்வாங்குவதற்கு ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

காலங்கடந்தது என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஓர் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவிக்கிற தினத்தன்று எந்தக் கணினியும் அணைந்து போவதில்லை. நேற்று ஓடிய விளையாட்டு இன்றும் அதே வேகத்தில் ஓடுகிறது. ஆகையால் சாமானிய உபயோகஸ்தர்களுக்கு இந்த அறிவிப்புகளெல்லாம் வியாபாரத் தந்திரமாகவே தோன்றுகின்றன. அன்றைய தினம் நின்றுபோவது, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கின்ற வேலை. அதில் ஒரு விபரீதமும் அடங்கியிருக்கிறது. பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும் பெருமளவுக்கு ஒரே நிரல் பரம்பரையைச் சேர்ந்தவையாதலால், புதியதிலே ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டவுடனே, அந்த அப்டேட்டைப் பிரித்து ஆராய்கிற திருடனுக்குப் பழையதில் அதே ஓட்டை எந்த இடத்தில் திறந்து கிடக்கிறது என்பதும் புலனாகிவிடுகிறது. எக்ஸ்பி 2001 அக்டோபர் 25-ல் விற்பனைக்கு வந்து 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவை இழந்தது. விண்டோஸ் 7 பிறந்தது 2009 அக்டோபர் 22, ஆதரவை இழந்தது 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10 பிறந்தது 2015 ஜூலை 29, ஆதரவை இழந்தது 2025 அக்டோபர் 14.

இவற்றுள் நம்முடைய ஆராய்ச்சிக்கு மிகவும் பிரயோஜனமானது எக்ஸ்பி. டாஸின் மேல் கட்டப்பட்ட 95, 98 என்னும் வீட்டு உபயோக விண்டோஸ்களையும், அலுவலகங்களுக்கென்று தனியே வளர்ந்த என்டி என்னும் வகையையும் ஒன்றாக்கி, எல்லாருக்கும் பொதுவாக வந்த முதல் இயங்குதளம் அது. அடுத்து வந்த விஸ்டா 2007 வரையில் தாமதித்ததோடு, வந்த பிறகும் பிரியத்தைச் சம்பாதிக்கவில்லை. அதன் பயனாக ஏறக்குறைய பத்து வருஷத்து விளையாட்டுகள் எக்ஸ்பியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. நம் ஊர்களில் பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருந்த நாளில், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ நாலைந்து பேர் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் உட்கார்ந்து ஆடியதும் பெரும்பாலும் எக்ஸ்பியின் மீதுதான். அந்தப் பிரதிகளில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை என்ற விசாரணையில் இப்போது இறங்க வேண்டாம்.

பழைய தளத்தை வைத்துக்கொள்வதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் மிகவும் வலுவானது, பழைய விளையாட்டுகள் புதிய தளத்தில் ஓடுவதில்லை என்பது. இதைக் கற்பனை என்று யாரும் தள்ள முடியாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் அடியோடு ஓடா. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த பல விளையாட்டுகள் தாம் 32 பிட்டில் எழுதப்பட்டிருந்தும், அவற்றைக் கணினியில் நிறுவுகிற சிறு நிரல் மட்டும் 16 பிட்டாக இருந்துவிட்டபடியால், வாசலிலேயே தடைப்பட்டு நிற்கின்றன. சிடியைக் களவாகப் பிரதி எடுக்காமல் தடுப்பதற்காகப் பல கம்பெனிகள் கையாண்ட சேஃப்டிஸ்க் என்னும் பூட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அந்தப் பூட்டு வேலை செய்வதற்கு விண்டோஸின் உட்கருவுக்குள் ஒரு டிரைவர் புகுந்து உட்கார வேண்டும். அந்த டிரைவரே ஓட்டையுள்ளது என்று 2007-ல் வெளிப்பட்டது. கடைசியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ல் அதற்கு இடமே கொடுக்கவில்லை. 2015 செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் ஓர் அப்டேட்டின் மூலம் அதை முடக்கியது. காசு கொடுத்துச் சிடி வாங்கிய யோக்கியன் தன்னுடைய விளையாட்டைத் திறக்க முடியாமல் நிற்க, பூட்டை உடைத்துப் பிரதி எடுத்தவன் இன்றும் நிம்மதியாக விளையாடுகிறான் என்பது இந்தச் சரித்திரத்தின் முடிவு.

ஒலி விஷயத்திலும் இப்படியே. எக்ஸ்பி காலத்தில் ஒலி அட்டையின் சொந்த சக்தியைக் கொண்டே முப்பரிமாண ஒலியை எழுப்புகிற வழி இருந்தது. ஈஏஎக்ஸ் என்று பேர் பெற்ற அந்த வித்தையால், குகைக்குள் நடக்கும் காலடி ஓசையும் கூடத்துக்குள் நடக்கும் காலடி ஓசையும் வேறு வேறாகக் கேட்டன. விஸ்டாவில் ஒலிக்கான அமைப்பை அடியோடு மாற்றி எழுதியபோது அந்த வழி அடைபட்டுவிட்டது. பிறகு மாற்று ஏற்பாடுகள் வந்தன என்றாலும், அக்காலத்து விளையாட்டை அக்காலத்து ஒலியோடு கேட்க விரும்புகிற ரசிகர் எக்ஸ்பியைத் தேடிப் போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆப்பிளின் பக்கம் போனாலும் துன்பம் குறைவதாக இல்லை. 2019 அக்டோபரில் வந்த காட்டலினா என்னும் பதிப்போடு 32 பிட் நிரல்களுக்கெல்லாம் ஒரே நாளில் கதவடைப்பு நடந்தது. மேக் கணினியில் விளையாடக் காசு கொடுத்து வாங்கிய ஏராளமான விளையாட்டுகள் அன்றோடு பொருளற்றுப் போயின. அந்த அளவுக்குக் கொடுமை மைக்ரோசாஃப்ட் செய்ததில்லை என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செய்யாததோடு மட்டுமல்ல, பழையதைக் காப்பாற்றுவதற்கு அந்த நிறுவனத்தார் எடுத்துக்கொண்ட சிரமங்களும் கவனிக்கத்தக்கவை. விண்டோஸ் 95 தயாரான சமயத்தில், சிம்சிட்டி என்னும் நகர நிர்மாண விளையாட்டு அதில் ஓடாமல் செயலிழந்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடியும் படிக்கிற தவறு அந்த விளையாட்டின் நிரலில் இருந்தது. பழைய தளத்தில் அந்தத் தவறு யாரையும் உபத்திரவப்படுத்தாமல் மறைந்து கிடந்தது. மைக்ரோசாஃப்டார் என்ன செய்தார்களென்றால், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் தாமதிக்கும்படி, தங்கள் இயங்குதளத்திலேயே விசேஷ ஏற்பாடு செய்துவைத்தார்கள். பிறர் செய்த பிழைக்காகத் தம் சொத்தில் இடம் ஒதுக்கிய இந்தத் தயாளம் பரோபகார சிந்தையால் வந்ததன்று. பழைய விளையாட்டு ஓடவில்லை என்றால், குற்றம் யாருடையதாக இருந்தாலும், ஜனங்கள் புதிய விண்டோஸைத்தான் வைவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் அப்படிக் காவல் போட முடியுமா? ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற விளையாட்டு 2005-ல் கணினிக்கு வந்தது. அதில் ஸ்கிம்மர் என்று ஒரு நீர்விமானம் உண்டு. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அந்த விமானம் மாத்திரம் மாயமாக மறைந்துவிட்டது. வலுக்கட்டாயமாக வரவழைத்தால், ஆட்டக்காரனைக் கண்காணாத ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. எல்லாரும் மைக்ரோசாஃப்டைப் பழித்தார்கள். பொறுமையுள்ள ஓர் ஆர்வலர் ஆராய்ந்து பார்த்தபோது தெரிந்த உண்மை இது: வாகனங்களின் விவரப் பட்டியலில் ஸ்கிம்மருக்குரிய வரியில் சக்கர அளவைக் குறிக்கும் எண்கள் விடுபட்டிருந்தன, முந்தைய விளையாட்டில் படகாகக் கணக்கிடப்பட்ட ஸ்கிம்மரை இதில் விமானமாக மாற்றினவர்கள் வரியைப் பூர்த்தி செய்ய மறந்துவிட்டார்கள். எண் இல்லாத இடத்தில், நினைவகத்தில் அதற்கு முன்பு வாசித்த வேறொரு வாகனத்தின் எண் தற்செயலாகத் தங்கியிருந்து, அதுவே ஏறத்தாழ இருபது வருஷ காலம் விமானத்தைத் தூக்கிப் பறக்கவைத்தது. 24எச்2-ல் அந்த நினைவக இடத்தை விண்டோஸ் வேறு காரியத்துக்கு உபயோகித்தது, தற்செயல் முடிந்தது, விமானமும் போயிற்று. இத்தகைய தற்செயல்களின் மேல் நிற்கின்ற பழைய விளையாட்டுகள் இன்னும் எத்தனை என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே, அந்தந்தக் காலத்து விளையாட்டுக்கு அந்தந்தக் காலத்துத் தளமே பத்திரமான இருப்பிடம் என்று கருதுகிறவர்களின் கட்சியில் உண்மை இருக்கிறது. எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் பழைய கிராமபோனை எறிந்துவிடுவதில்லை அல்லவா?

இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது வேகம். புதிய விண்டோஸ் கனமானது, பின்னணியில் எதையாவது செய்துகொண்டே இருப்பது, ஆகையால் விளையாட்டு மந்தமாகிறது என்பார்கள். விண்டோஸ் 11 வெளிவந்த 2021 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் சிப்புகள் அதில் வேகம் குறைந்தன. போட்டிகளில் ஆடப்படும் சில விளையாட்டுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரைகூடக் குறையலாம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 நவம்பரில் யூபிசாஃப்டின் அசாசின்ஸ் க்ரீட் வரிசையைச் சேர்ந்த சில விளையாட்டுகள் 24எச்2 பதிப்பில் உறைந்து நிற்கவே, அவை உள்ள கணினிகளுக்கு அந்தப் பதிப்பை அனுப்பாமல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. ஆனால் முதல் குறை அந்த மாதத்துக்குள்ளேயே சரிசெய்யப்பட்டது. இரண்டாவதற்கும் பரிகாரம் வந்தது. இவையெல்லாம் புதிய பதிப்புக்குச் சில மாதங்கள் கழித்துப் போகலாம் என்பதற்குத் தக்க காரணங்களே ஒழிய, பழையதிலேயே ஆயுள் முழுவதும் இருந்துவிடுவதற்குக் காரணங்கள் ஆகமாட்டா.

மூன்றாவது காரணம் மனக்கசப்பு. விலை கொடுத்து வாங்கிய தளத்தில் விளம்பரம் காட்டுவதும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் கணினியைத் தொடங்கலாம் என்று நெருக்குவதும், கேட்காத உதவிகளைக் கொண்டுவந்து திணிப்பதும் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். இந்தக் கசப்பில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் வீட்டுக்காரன் மீதுள்ள கோபத்துக்காகக் கதவைத் தாழிடாமல் படுத்துக்கொள்வதை யாரும் பௌருஷம் என்று சொல்லமாட்டார்கள்.

இனி அபாயத்தின் பக்கம் வருவோம். இதைக் குறித்து இரண்டு தரப்பிலும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்த மறுநிமிஷமே கிருமி புகுந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள், 2003 ஆகஸ்டில் பிளாஸ்டரும் 2004-ல் சாசரும் பரவிய நாட்களை நினைத்துப் பேசுகிறார்கள். அக்காலத்தில் கணினிகள் பல நேரே இணையத்தோடு இணைந்திருந்தன. காவற்சுவரும் இயல்பாகப் போடப்பட்டிருக்கவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் தான் அதைத் தானாகவே போட்டுவைத்தது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற ரவுட்டர், உள்ளேயிருந்து கேட்காமல் வெளியிலிருந்து வருகிற தொடர்புகளைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே, “இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்கிறவரின் அனுபவம் பொய்யன்று. ஆனால் அதே வீட்டு வலையில் கிருமி பிடித்த இன்னொரு சாதனம் வந்து சேர்ந்துவிட்டால் ரவுட்டரின் காவல் பயன்படாது.

2017 மே மாதம் உலகத்தையே கலக்கிய வானாக்ரை என்னும் பணயக் கிருமியின் சம்பவம் இவ்விடத்தில் படிப்பினைக்குரியது. எக்ஸ்பியைக் காப்பாற்ற மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்து மூன்று வருஷங்கள் கழித்தும் அவசர அப்டேட் ஒன்றை வெளியிட்டதால், பாதிக்கப்பட்டவை எக்ஸ்பி கணினிகளே என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்பொழுது 7-க்கு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும் இரண்டு மாதத்துக்கு முன்னமே, மார்ச்சில், வந்துவிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அப்டேட்டை நிறுத்திவைத்திருக்கிற விண்டோஸ் 11 கணினியும் இந்த விஷயத்தில் காலங்கடந்ததே.

விளையாடுவோருக்கென்று பிரத்தியேகமான அபாயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை. விளையாட்டே திருடனுக்கு வாசலாவதுண்டு. டார்க் சோல்ஸ் வரிசையின் ஆன்லைன் ஆட்டத்தில், எதிரில் ஆடுகிறவரின் கணினியில் தன் விருப்பப்படி நிரலை ஓட்டிவிடக்கூடிய ஓட்டை இருப்பது தெரியவந்து, 2022 ஜனவரியில் அதன் கணினிச் சர்வர்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2009-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-ன் ஆட்டக் கூடங்களில், ஓர் ஆட்டக்காரரிடமிருந்து மற்றோர் ஆட்டக்காரருக்குத் தானே தாவுகிற கிருமி ஒன்று 2023 ஜூலையில் கண்டுபிடிக்கப்பட்டு, ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். இவ்விரண்டிலும் ரவுட்டரின் காவல் பயனற்றது. ஏனெனில் தொடர்பைக் கேட்டு வாங்குவது விளையாட்டே. அப்படி ஒரு வாசல் திறந்த பிறகு, கணினி முழுவதையும் கைப்பற்றவிடாமல் நிறுத்துவதற்கு இயங்குதளத்தின் அடுத்தடுத்த காவல்கள்தான் இருக்கின்றன. காலங்கடந்த தளத்தில் அந்தக் காவல்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இவற்றோடு இனாமாக வருகிற கிராக்குகள், ஏமாற்றி ஜெயிக்க உதவும் சீட் நிரல்கள், எவரோ எழுதிய மாட்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவரின் கணினியைவிட விளையாடுகிறவரின் கணினி எத்தனையோ மடங்கு அதிகமாக அந்நியச் சரக்குகளை உள்ளே அனுமதிக்கிறது என்பது விளங்கும். அந்தக் கணினியில்தான் ஸ்டீம் கணக்கும், அதில் வருஷக்கணக்காகச் சேர்த்த விளையாட்டுகளும், பல நேரங்களில் பாங்குக் கணக்கின் பாஸ்வேர்டும் இருக்கின்றன.

வைத்துக்கொள்ளலாமா, விடலாமா என்று நாம் இவ்வளவு தூரம் விவாதிக்கிறோமே, தீர்மானிக்கிற அதிகாரம் உண்மையில் யாரிடத்தில் இருக்கிறது என்று பார்த்தால், விளையாடுகிறவரிடத்தில் அது கொஞ்சமும் இல்லை. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2019 ஜனவரி 1-லும், விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் 2024 ஜனவரி 1-லும் ஸ்டீம் ஆதரவை நிறுத்தியது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம், தங்கள் நிரலுக்குள் பொதிந்திருக்கும் கூகிள் குரோம் பழைய விண்டோஸில் ஓடுவதில்லை என்பது. எக்ஸ்பியில் அழகாக ஓடுகிற ஒரு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர், அதை விற்ற கடையின் ஜன்னலில் பதித்த கண்ணாடி எக்ஸ்பிக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தால் விளையாட முடியாமற் போகிறார்! பிலிஸார்டு நிறுவனம் 2017-லேயே தன் விளையாட்டுகளை எக்ஸ்பியிலிருந்து விலக்கிக்கொண்டது. 2023 செப்டம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது, அது முந்தைய குளோபல் அஃபென்சிவின் இடத்தையே எடுத்துக்கொண்டது. புதியது விண்டோஸ் 10-ஐக் கேட்டது. ஆகவே பழைய விண்டோஸில் பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, நிறுவனத்தார் நடத்தும் போட்டி ஆட்டங்களில் இடமே இல்லாமற் போயிற்று.

இந்த விலக்குகளில் எத்தனை தொழில்நுட்ப அவசியத்தால் வந்தவை, எத்தனை வியாபார நோக்கத்தால் வந்தவை என்பதைப் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. 2007-ல் ஹேலோ 2-ஐ விஸ்டாவில் மட்டுமே ஓடும் என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் விற்றது. சில வாரங்களில் ஆர்வலர்கள் அதை எக்ஸ்பியில் ஓட்டிக்காட்டினார்கள். டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10-க்கு மட்டுமே உரியது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அதே நிறுவனம், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஒரு பிரபலமான விளையாட்டுக்காக 2019 மார்ச்சில் அதை விண்டோஸ் 7-க்குக் கொடுத்தது. முடியாது என்று சொல்லப்பட்டவற்றில் சில, மனம் வைத்தால் முடிகிறவையாகவே இருந்திருக்கின்றன என்பதற்கு இவை போதிய சாட்சி. இருந்தாலும் சாட்சியை வைத்துக்கொண்டு வழக்காட ஓர் இடம் இல்லாதபோது, விளையாடுகிறவர் செய்யக்கூடியது வேறு வழிகளைத் தேடுவதுதான்.

அத்தகைய வழிகள் அதிர்ஷ்டவசமாக நிறைய இருக்கின்றன. டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு 2002-லிருந்து டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அந்தத் துறையில் பழைய இயங்குதளத்தைப் பற்றிய கேள்வியே அநேகமாகத் தீர்ந்துபோயிற்று. 2008-ல் போலந்து நாட்டில் தொடங்கிய ஜிஓஜி என்னும் கடை, பழைய விளையாட்டுகளைப் பூட்டு நீக்கி, புதிய விண்டோஸுக்கு ஏற்பச் செப்பனிட்டு விற்கிறது; வாங்கிய கோப்பை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாமாதலால், கடை மூடினாலும் சரக்கு நம்மிடம் இருக்கும். பழைய வரைகலை முறைகளைப் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் டிஜிவூடூ போன்ற துணை நிரல்கள் பல விளையாட்டுகளுக்கு உயிர் கொடுத்திருக்கின்றன. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனும், அதன் மேல் வால்வ் நிறுவனம் 2018-ல் கட்டிய புரோட்டானும், சில பழைய விளையாட்டுகளை விண்டோஸ் 11-ஐக் காட்டிலும் செம்மையாக ஓட்டுகின்றன.

இவையெல்லாம் கைகொடுக்காத விளையாட்டுகள் மிஞ்சுகின்றன: சேஃப்டிஸ்க் சிடிகள், ஈஏஎக்ஸ் ஒலியை நம்பியவை, விண்டோஸ் 98 காலத்தில் 3டிஎஃப்எக்ஸின் வூடூ அட்டைக்கென்றே எழுதப்பட்ட சில. மெய்நிகர்க் கணினிக்குள் எக்ஸ்பியை நிறுவி ஓட்டுவது ஒரு வழி. ஆனால் முப்பரிமாண விளையாட்டுகளுக்கு அதன் வரைகலை சக்தி பெரும்பாலும் போதுவதில்லை. அவற்றுக்காகப் பழைய இரும்பிலேயே பழைய தளத்தை வைத்திருப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கேயோ சொற்ப விலைக்குக் கிடைக்கிற பழைய கணினி ஒன்றில் எக்ஸ்பியைப் போட்டு, அதற்கு இணையத் தொடர்பே கொடுக்காமல், வேண்டியவற்றைப் புதிய கணினியில் பரிசோதித்துப் பென்டிரைவில் கொண்டுவந்து விளையாடுவது, எந்தப் பாதுகாப்பு நிபுணரும் ஆக்ஷேபிக்க முடியாத ஏற்பாடு. டிரைவர்களைத் தேடி எடுத்துத் தனியே பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம். தயாரிப்பாளர்களின் தளங்களிலிருந்து அவை ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அந்தக் கணினியில் மின்னஞ்சல் பார்ப்பதும், அவசரத்துக்கு ஒரே ஒருமுறை என்று பிரௌசரைத் திறப்பதும் கூடவே கூடாது. நண்பர்களோடு வீட்டுக்குள் லேனில் ஆடுவதானால், அந்த வலை ரவுட்டரோடு சேராத தனி ஸ்விட்சில் இருக்கட்டும்.

விண்டோஸ் 7-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஓடிய விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை 10-லும் 11-லும் ஓடுகின்றன. எக்ஸ்பிக்கு இருக்கும் அருமை அதற்கு இல்லை. ஸ்டீமும் போயிற்று, கிராபிக்ஸ் கார்டு டிரைவரும் போயிற்று. பழக்கம் ஒன்றைத் தவிர அதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

சிக்கலெல்லாம் விண்டோஸ் 10-ல்தான். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரையும் கேட்கிறது. 2017-ல் உயர்ந்த ரகமென்று விலை கொடுத்து வாங்கிய ஐ7-7700கே, இன்றும் பல விளையாட்டுகளைச் சிரமமின்றி ஓட்டக்கூடியதாயிருந்தும், அதே வருஷத்து முதல் தலைமுறை ரைசன்களோடு சேர்ந்து ஒதுக்கப்பட்டுவிட்டது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையாக்கும் இந்த நிபந்தனையை நான் நியாயமென்று ஒப்பவில்லை. போட்டி விளையாட்டுகளின் போக்கோ அந்த நிபந்தனைக்குத் துணையாகவே இருக்கிறது: வாலரன்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம்மையும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பான தொடக்க முறையையும் கேட்கிறது, 2025-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. இவை ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பதற்கென்று உட்கருவில் இறங்கும் காவல் நிரல்களோடு வருபவை. அந்தக் காவலும் குற்றமற்றதன்று, ஜென்ஷின் இம்பாக்டின் காவல் டிரைவரையே கருவியாக்கிப் பணயக் கிருமிக்காரர்கள் ஆண்டிவைரஸை முடக்கியது 2022-ல் வெளியாயிற்று. இவ்வகை விளையாட்டுகளுள் பல லினக்ஸுக்கு இடம் கொடுப்பதில்லை. வாலரன்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் ஓடா. தனியே ஆடும் கதை விளையாட்டுகளில் பிரியமுள்ளவருக்கோ, 2022-ல் வந்த ஸ்டீம் டெக் லினக்ஸின் மேலேயே ஓடுவதைப் பார்க்கும்போது, அந்த வழி இன்று நம்பத்தக்கதாகவே இருக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. எக்ஸ்பியையும் 98-ஐயும் வைத்திருக்கிறவர்கள், இணையத் தொடர்பை அறுத்து, அக்காலத்து விளையாட்டுகளுக்கென்றே வைத்திருக்கட்டும். விண்டோஸ் 7-ஐ விட்டுவிடட்டும். விண்டோஸ் 10 உள்ளவர்கள், கணினி இடம் கொடுத்தால் 11-க்குப் போகட்டும், இடம் கொடாவிட்டால் புதுக் கணினிக்கு அவசரப்பட்டுக் கடன் வாங்காமல், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டு அந்த அவகாசத்தில் லினக்ஸைப் பழகிப் பார்க்கட்டும். வீட்டு உபயோகஸ்தருக்கு அந்த அப்டேட் 2026 அக்டோபர் 13 வரையில் உண்டு. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசில்லாமலும், சம்மதியாவிட்டால் 30 டாலருக்கும் அது கிடைக்கிறது. ஆர்டிஎக்ஸ் வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10-ல் விளையாட்டு டிரைவர் தருவதை என்விடியாவும் 2026 அக்டோபர் வரையில்தான் வைத்திருக்கிறது. எந்த வழியில் போவதானாலும், பழைய விளையாட்டுகளின் ஸேவ் கோப்புகள் தானாக மேகத்தில் ஏறுவதில்லை. தளத்தைத் தொடுவதற்கு முன்னால் அவற்றைத் தேடி எடுத்து வேறொரு டிஸ்கில் பிரதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.